இழுக்கும் வண்டி வாங்குமுன் இறக்கத்தை எண்ணுங்கள்

நட்டஈட்டுப் பணம் கைக்கு வந்த குடும்பங்களில் பல, கூரைக்கு அடுத்தபடியாக நினைப்பது ஒரு வாகனத்தைத்தான். இது பிழையான ஆசையன்று. பழைய ஊரில் யாருடைய லொறி எப்போது சந்தைக்குப் போகும், யாரிடம் சொன்னால் நான்கு மூடையை ஏற்றிக்கொள்வார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். புதிய இடத்தில் அயலவரே புதியவர். மரக்கறியோ காத்திருக்காது.

மாத்தளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்வோர் ஒரே காரணத்தால் வந்தவர்கள் அல்லர். 1983இன் வன்செயலால் அலைந்த குடும்பங்கள் உண்டு. 2017இன் தொடக்கத்தில் மொரகஹகந்தையிலும் 2018இன் நடுப்பகுதியில் களுகங்கையிலும் நீர் தேங்கத் தொடங்கியபோது, வயலையும் பழைய பல்லேகம நகரையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மேட்டுக்கு வந்தவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலை சரிந்து வீடிழந்தவர்களும் உண்டு. கையிலிருக்கும் பணம் இன்னொரு முறை வராது என்பது எல்லோருக்கும் பொதுவானது. வாகனம் அந்தப் பணத்தை ஒரே நாளில் விழுங்கக்கூடியது. ஆகவே இந்தப் பாடத்தில், பாரம் ஏற்றவும் பின்னால் பெட்டி இழுக்கவும் ஒரு கெப் வண்டி வாங்குவோர் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு கொப்பி

விற்பனை நிலையத்துக்குப் போகுமுன் ஒரு போகத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எத்தனை நாள் சந்தைக்குப் போனீர்கள்? ஒவ்வொரு தடவையும் எத்தனை கிலோ? எந்த வீதியால்? பெரும்பாலான நாட்களில் 300 கிலோவும், பெரிய வெங்காயம் கிண்டும் சில வாரங்களில் மட்டும் இரண்டு தொன்னும் என்று வந்தால், அந்தச் சில வாரங்களுக்காகப் பெரிய வண்டி வாங்குவது புத்தியன்று. அந்த வாரங்களில் லொறியை ஹயருக்குப் பிடிப்பதே இலாபம்.

வீதி மிக முக்கியம். நாவுலையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ-9 வீதியால் போகிறவருக்கும், பல்லேகமவிலிருந்து ரிவஸ்டன் மலையைக் கடந்து இரத்தோட்டைக்கு இறங்குகிறவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர் நமது மரக்கறியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. லக்கலைப் பக்கத்திலிருந்து மலையேறாமல் எலஹெர, நாவுல வழியாகவும் அங்கே போகலாம். பாரத்தோடு போகும் நாளில் அந்த வழியையே நான் விரும்புவேன்.

பத்து மீற்றர் ஓடினால் ஒரு மீற்றர் உயரும் வீதியை நினைத்துப் பாருங்கள். வண்டி, பெட்டி, சாமான் எல்லாம் சேர்ந்து மூன்று தொன் என்றால், அந்த ஏற்றத்தில் எஞ்சின் சமதரையில் இழுப்பதற்கு மேலதிகமாக 300 கிலோவைத் தூக்குவது போன்ற வேலை செய்கிறது. இது எல்லோருக்கும் விளங்கும். ஏறாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கம் அப்படியல்ல. அதே மூன்று தொன் 500 மீற்றர் உயரம் இறங்கி வரும்போது வெளிப்படும் சக்தி, 50 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அந்தச் சூட்டை எஞ்சின் தடுத்து வாங்காவிட்டால் நான்கு சில்லுகளின் பிரேக்தான் வாங்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் இரத்தோட்டைப் பக்கமாக ஒரு உறவினரின் கெப்பில் இறங்கி வந்தேன். பின்னால் மிளகு மூடை ஏற்றிய பெட்டி. தம்பி டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் விட்டிருந்தார். பாதி வழியில் ரப்பர் எரிவதுபோல் ஒரு மணம். "அண்ணே, பெடல் கீழே போகுது" என்றார். நல்ல வேளையாக அந்த இடத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாதை மேல்நோக்கிப் பிரிந்தது. அதில் ஏற்றி நிறுத்தினோம். ஒரு மணித்தியாலம் இருவரும் பேசவில்லை. இன்றைய டீசல் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, காலை எடுத்தவுடன் எண்ணெய் விடுவதை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் சுழல எண்ணெய் வேண்டும். மிச்சம் பிடித்ததாக அவர் நினைத்தது செலவுதான்.

விளம்பரத்திலுள்ள பெரிய எண்

புதிய டபிள் கெப் வண்டிகள் பலவற்றின் விளம்பரத்தில் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று இருக்கும். அது பொய்யல்ல. ஆனால் அந்த எண் பிரேக் பொருத்திய பெட்டிக்கு உரியது. பிரேக் இல்லாத பெட்டிக்குக் கையேட்டில் பெரும்பாலும் 750 கிலோ என்றுதான் இருக்கும், அதுவும் பெட்டியின் சொந்த நிறையையும் சேர்த்து. நமது வேர்க்ஷொப்களில் ஒட்டித் தரும் இரும்புப் பெட்டி வெறுமையாகவே 350 கிலோ இருந்தால், நீங்கள் ஏற்றக்கூடியது 400 கிலோ. 50 கிலோ மூடையில் எட்டு. எட்டு மூடைக்காகவா இவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

பெட்டிக்குப் பிரேக் வைக்கலாம். எளிமையானது உந்தலால் இயங்கும் வகை. முன்வண்டி வேகம் குறைந்ததும் பெட்டி பின்னாலிருந்து தள்ளும். அந்தத் தள்ளலில் கொளுக்கிக்குப் பின்னாலுள்ள தண்டு உள்ளே சறுக்கி, கம்பி வழியாகப் பெட்டியின் பிரேக்கை அழுத்தும். மின்சாரம் வேண்டாம். ஆனால் அதைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த பாஸ் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கவும் வேண்டும். இதற்குச் செலவழிக்க விருப்பமில்லாதவர் முக்கால் தொன்னுக்கு மேல் இழுக்கும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

பெட்டி இல்லாமல் வண்டியின் மேலேயே எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் கணக்கிடுங்கள். ஒரு கெப்பின் சுமைதாங்கும் அளவு 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சிங்கிள் கெப்பில் சாரதியும் உதவியாளரும் ஆளுக்கு 65 கிலோ. மேலே அடித்த இரும்புச் சட்டம் 100 கிலோ. பெட்டி பூட்டினால் அதன் மூக்கு கொளுக்கியை அழுத்துவது 80 கிலோ. மீதி 690 கிலோ. டபிள் கெப்பில் ஐந்து பேர் ஏறினால் மீதி 495 கிலோதான். சாமான் வைக்கும் தட்டும் குட்டை. கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தோடு போக டபிள் கெப் அழகுதான். ஆண்டில் எத்தனை கல்யாணம் என்பதையும் கொப்பியில் எழுதிப் பாருங்கள்.

பிறகு பூட்ட முடியாதவை

ஒரு வாகனத்தில் சில உறுப்புகளை அடுத்த வருடமும் பூட்டலாம். சிலவற்றை ஒருபோதும் மாற்ற முடியாது, அல்லது மாற்றும் செலவில் இன்னொரு வண்டி வாங்கிவிடலாம். கையில் உள்ள பணம் முழுவதும் இரண்டாவது வகைக்கே போக வேண்டும். வானொலி, மினுங்கும் சில்லு, பக்கப்படி, தட்டுக்கு மேல் மூடி, ஏன் இழுவைக் கொளுக்கிகூட முதல் வகை. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு, செசி, பிரேக் என்பவை இரண்டாவது வகை.

எஞ்சின் டீசலாக இருக்க வேண்டும் என்பதை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குதிரைவலு எண்ணைவிட, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்பதைக் கேளுங்கள். ஏற்றத்தில் பாரத்தோடு புறப்படும்போது அதுதான் வேலை செய்யும். மிகப் பெரிய எஞ்சினும் வேண்டாம். 2022இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பிறகு கியூ.ஆர். அட்டையில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து வாங்கியதையும் நாம் மறக்கவில்லை.

பின் அச்சு விகிதம் பற்றி விற்பனையாளர் தாமாகச் சொல்லமாட்டார். மலையேறத் துவிச்சக்கர வண்டியின் பின்சில்லில் பெரிய பல்லைப் பிடிப்பதுபோல, டிபரன்ஷலிலும் பல் விகிதம் உண்டு. 3.5 விகிதமுள்ள வண்டியைவிட 4.1 உள்ளது, அதே எஞ்சினோடும் கியரோடும், சில்லில் 17 வீதம் கூடிய இழுவை தரும். பதிலாக நீண்ட சமவீதியில் எஞ்சின் கூடச் சுழலும், எண்ணெய் சற்றுக் கூடப் போகும். கண்டி வீதியிலேயே ஓடுகிறவருக்குச் சிறிய எண் போதும். மலைவீதியில் பெட்டியோடு போகிறவர் பெரிய எண்ணைத் தேட வேண்டும். இறக்கத்திலும் அதுவே எஞ்சினால் தடுக்க உதவும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புது வண்டி வருகிறது என்றாலும், வேண்டியதைப் பட்டியலில் தெரிவுசெய்து வரவழைக்கும் வசதி சாதாரண வாங்குநருக்குக் குறைவு. வந்த வண்டியில் இருப்பதை ஏற்க வேண்டும். ஆகவே விற்பனையாளரின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டையும் கையேட்டையும் காட்டச் சொல்லுங்கள். மொத்த அனுமதி நிறை, ஒவ்வொரு அச்சும் தாங்கும் நிறை, இழுவை அளவு ஆகியன அங்கே இருக்கும். காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

கியரைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. கையால் மாற்றும் கியரே நமக்கு உகந்தது என்பது என் எண்ணம். கிராமத்துக் கராஜில் திருத்தலாம், இறக்கத்தில் இரண்டாம் கியரைப் பிடித்து இருத்தலாம். தானியங்கிக் கியரை விரும்புகிறவர், கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக் கருவி இருக்கிறதா, கீழ்க் கியரைக் கையால் பிடித்து வைக்கலாமா என்று பார்த்து வாங்கட்டும். பெட்டி இழுக்கும்போது தானியங்கிக் கியரைக் கெடுப்பது சூடுதான்.

நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு விலை மிக அதிகம். வயலிலிருந்து பெருவீதி வரை கொங்கிறீற்றோ தாரோ போட்ட பாதை இருந்தால் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். மாரிமழையில் சேறாகும் ஒழுங்கையில் பெட்டி இழுக்க வேண்டியவருக்கு மட்டும் அது தேவை. அப்போதும் தாழ்கியர் வசதியோடு வாங்க வேண்டும். இன்னொரு வழி, கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமானைப் பெருவீதி வரை கொண்டுவந்து அங்கே கெப்புக்கு மாற்றுவது. சேற்றுக்கு உழவு இயந்திரத்தை வெல்ல வேறொன்றில்லை.

டயரும் கவனத்துக்குரியது. காருக்குரிய மெல்லிய டயரைப் போட்டுக் கெப்பை அழகாக்கி விற்பார்கள். பாரவண்டி டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 'சி' என்றோ முன்னால் 'எல்.டி.' என்றோ எழுத்து இருக்கும். இல்லாவிட்டால் விலையில் நான்கு டயருக்கும் கழிவு கேளுங்கள்.

கொளுக்கியும் பாரம் வைக்கும் முறையும்

கொளுக்கியைப் பின் பம்பரில் ஒட்டித் தருவார்கள், மலிவு. பம்பர் தள்ளுமுள்ளுக்கு உரியது, இழுப்பதற்கு உரியதல்ல. செசியின் இரு பக்கச் சட்டங்களிலும் பல ஆணிகளால் இறுக்கிய கொளுக்கியே வேண்டும். பழைய கெப் வாங்குகிறவர்கள் வண்டிக்கு அடியில் படுத்து, கொளுக்கி இருந்த இடத்தில் செசி வெடித்து ஒட்டியிருக்கிறதா, துருப்பிடித்து இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கொளுக்கி கழன்றாலும் பெட்டி வீதியில் தனியே ஓடாதபடி இரண்டு சங்கிலி, ஒன்றையொன்று குறுக்கிட்டு, கட்டாயம் பூட்டுங்கள். பெட்டியின் பின்விளக்கும் சைகை விளக்கும் முன்வண்டியோடு எரிய வேண்டும்.

பெட்டியில் பாரம் வைப்பதில் பலர் தவறுகிறார்கள். பின்பக்கம் பாரமானால் பெட்டியின் மூக்கு மேலெழும்பும். வேகம் கூடியதும் பெட்டி பாம்புபோல் ஆடத் தொடங்கும். மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் அழுத்த வேண்டும். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சாமான் ஏற்றிய பின், சமதரையில், சந்தையில் மூடை நிறுக்கும் மேடைத்தராசின் மேல் மூக்கை வைத்துப் பாருங்கள். 700 கிலோ பெட்டிக்கு 70 கிலோ அளவு காட்டினால் சரி. குறைந்தால் இரண்டு மூடையை முன்னுக்குத் தள்ளுங்கள்.

அப்படியும் பெட்டி ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பி நேராக்கவும் முயல வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு எரிபொருள் மிதியிலிருந்து மெல்லக் காலை எடுங்கள். தண்ணீர்த் தாங்கி இழுக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: பாதி நிரம்பிய தாங்கி, முழுத் தாங்கியைவிடக் கெட்டது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பெட்டியைக் கவிழ்க்கும். 1,000 லீற்றர் என்பது ஒரு தொன் என்பதையும், அது பிரேக் இல்லாத பெட்டியின் அளவைக் கடந்துவிட்டது என்பதையும் மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதித்து ஆவியாகும்போதுதான் பெடல் பஞ்சுபோல் கீழே போகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை முற்றாக மாற்றுங்கள். நான் இதைக் கற்ற இடம் முன்னே சொன்ன இறக்கம்.

தவணைக் கணக்கு

லீசிங்கில் வாங்குகிறவர்கள் மாதத் தவணையை ஓட்டக் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும். தவணை 80,000 ரூபா என்று வையுங்கள். ஒரு தடவை சந்தைக்குப் போய்வந்தால் டீசல், உதவியாளர் கூலி, டயர்த் தேய்வு போக 4,000 ரூபா மிஞ்சுகிறது என்றால், மாதம் 20 ஓட்டம் வேண்டும். அறுவடைக் காலத்தில் 20 ஓட்டம் வரும். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் வருமா? அந்த மாதங்களில் ஹயருக்குப் போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதே குடியிருப்பில் எத்தனை பேர் அதே நம்பிக்கையில் வண்டி வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிலம் கொடுத்துப் பெற்ற பணத்தை முற்பணமாகக் கட்டி, பத்து மாதத்தில் வண்டியையும் முற்பணத்தையும் இழந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். வண்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை.

நட்டஈட்டுப் பணத்தில் வாங்குவதானால், தவணையில்லாமல் வாங்கக்கூடிய அளவுக்கு இறங்கி வாருங்கள். தம்புள்ளைக்குச் சமவீதியால் போகிறவருக்கு, நம்மவர் பட்டா என்று சொல்லும் டாட்டா ஏஸ் முக்கால் தொன் கொண்டுபோகும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிங்கிள் கெப் வாங்குவதும் நல்ல வழிதான். ஆனால் யார் எந்த நாளில் ஓட்டுவது, பழுதானால் யார் பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் எப்படி என்பதை வாங்குமுன் எழுதிக் கையொப்பமிட வேண்டும். உறவினர் என்பதால் எழுதத் தேவையில்லை என்று சொல்கிறவரோடு சேர வேண்டாம்.

பெட்டிக்கும் தனிப் பதிவு உண்டு. உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு வண்டியும் பெட்டியும் சேர்ந்த நிறைக்குப் பொருந்துகிறதா என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் பெட்டி இழுப்பது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதாவிட்டால் விபத்தன்று அதுவே சாட்டாகும்.

கடைசியாக, பணம் கட்டுமுன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியைச் சமவீதியில் ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. பத்து மூடை உரமோ மணலோ ஏற்ற அனுமதி கேளுங்கள். ஒரு ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, கைப்பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்தே புறப்படுங்கள். பிறகு அதே வழியால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். கீழே வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் குனிந்து மணந்து பாருங்கள். தொட வேண்டாம், சுடும்.